டர்போ, றிம், கொயில்ஓவர்: வன்னியிலிருந்து பழைய கார்ப் பாகங்களை வாங்கவும் விற்கவும் ஒரு வழிகாட்டி

கொழும்பில் இருப்பவர் பிழையான பாகத்தை வாங்கிவிட்டால் மறுநாள் பழைய பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஓர் இரவு பஸ், ஒரு பகல் அலைச்சல், திரும்ப இன்னோர் இரவு பஸ். பாகத்தின் விலையில் பாதி பயணத்திலேயே போய்விடும்.

ஆகவே நமது வேலையின் வரிசை வேறு. கேட்க வேண்டியதை வீட்டிலேயே கேட்டு, அளக்க வேண்டியதை வீட்டிலேயே அளந்து முடித்த பிறகுதான் பஸ் ஏற வேண்டும். காரை மாற்றியமைக்கும் ஆர்வத்தோடு புதிதாக வரும் தம்பிமார் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை இழப்பதைப் பல முறை பார்த்துவிட்டேன். அதனால்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் காரை அளந்து எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்கக் கொப்பியை இதற்கென்றே வையுங்கள். காரின் மாதிரிக் குறியீடு, எஞ்சின் குறியீடு, கியர் பெட்டியின் வகை, றிம்மின் துளை அளவு, பிறேக் தட்டின் விட்டம், எஞ்சின் கணினியின் வயர்ச் செருகி எப்படி இருக்கிறது என்பன அதில் இருக்க வேண்டும். செருகிகளைப் படமும் எடுத்து வையுங்கள்.

“இது சிவிக்கிற்குப் பொருந்தும்” என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் எந்தத் தலைமுறைச் சிவிக் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. ஈகே என்ற குறியீடுள்ள ஹொண்டா சிவிக்கின் கியர் பெட்டியில் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகிறது. அதற்கு முந்திய ஈஎஃப் காரில் அது கேபிளால் இயங்குகிறது. பெயர் ஒன்று, பொருள் வேறு.

றிம்மை எடுத்துக்கொள்ளுங்கள். ஈகே சிவிக்கும் டொயோட்டாவின் ஈபி82 ஸ்டார்லெட்டும் இரண்டுமே நான்கு துளை, 100 மி.மீ. வட்டம். “ஒரே அளவுதானே” என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் றிம்மின் நடுத்துளை உட்காரும் ஹப்பின் விட்டம் சிவிக்கில் 56.1 மி.மீ., ஸ்டார்லெட்டில் 54.1 மி.மீ. ஸ்டார்லெட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்த றிம் சிவிக்கின் ஹப்பில் உட்காராது. சிவிக்கின் றிம் ஸ்டார்லெட்டில் ஏறிவிடும், ஆனால் நடுவில் நிற்காது. அந்த இடைவெளியை நிரப்பும் நடுவளையம் போடாமல் ஓடினால் வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கும்.

நட்டும் அப்படியே. டொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிஷி கார்களில் பெரும்பாலும் 12 மி.மீ. தடிப்பு, 1.5 மி.மீ. புரி. நிசான், சுசுகி கார்களில் பெரும்பாலும் புரி 1.25. கையால் இரண்டு சுற்று ஏறிவிட்டதே என்று அடுத்த சுற்றைச் சாவியால் இறுக்கினால் ஸ்டட்டின் புரி அழிந்துவிடும். நட்டின் அடிப்பாகம் உருண்டையா, கூம்பா, தட்டையா என்பதையும் குறியுங்கள். ஹொண்டாவின் அசல் நட்டு உருண்டை அடி, வெளியார் தயாரிப்பு றிம்களில் பெரும்பாலும் கூம்பு அடி. இரண்டும் சேர்ந்தால் நட்டு இறுகியதுபோல் தோன்றும், ஆனால் இறுகியிருக்காது.

நான் ஒருமுறை துளை, ஹப், நட்டு எல்லாம் சரிபார்த்துக் கொழும்பிலிருந்து நான்கு றிம்களைக் கொண்டுவந்தேன். முன்பக்கத்தில் நான் மாற்றியிருந்த, பிறேக் தட்டைக் கவ்வும் பெரிய கலிப்பரை மட்டும் மறந்துவிட்டேன். றிம்மின் கம்பிகள் அதில் முட்டின. எட்டு மாதம் அவை விறாந்தையில் நின்றன. இப்போது தடித்த அட்டையில் கலிப்பரின் வெளிவடிவத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த அட்டை றிம்முக்குள் தடையில்லாமல் சுற்றினால்தான் விலை பேசுகிறேன்.

2. நிறுத்தம், பிடிமானம், குளிர்ச்சி, அதன் பிறகே வேகம்

வருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி வலுவைக் கூட்டும் டர்போ. நான் அவர்களின் ரயரைப் பார்க்கிறேன். இரவில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் மாடுகள் படுத்திருக்கும். விளக்கொளியில் அவை தெரியும் தூரத்துக்குள் கார் நிற்க வேண்டும். நிற்காத காருக்குக் குதிரைவலு கூட்டுவது ஆளைக் கொல்லும் வேலை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

ஆகவே ரயரும் பிறேக்கும் முதலில். அடுத்து ஷொக் அப்சோபர். அதன்பின் றேடியேட்டர், ஏனென்றால் நமது வெயிலில் கூட்டிய வலுவெல்லாம் சூடாகத்தான் முதலில் வெளிவரும். டர்போ கடைசியில்.

எரிபொருளையும் இப்போதே யோசியுங்கள். யப்பானில் டர்போ எஞ்சின்கள் அங்குள்ள உயர்தரப் பெற்றோலுக்கு அமைக்கப்பட்டவை, அதன் ஒக்டேன் (தட்டும் ஓசை வராமல் தாங்கும் தரம்) 100 அளவில் இருக்கும். இங்கே பெரும்பாலும் கிடைப்பது 92, 95. உங்கள் ஊர் எரிபொருள் நிலையத்தில் 95 எப்போதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டர்போ பற்றி முடிவெடுங்கள். 92இல் அழுத்தத்தைக் கூட்டினால் எஞ்சினுக்குள் தட்டும் ஓசை வரும், பிஸ்டன் உடையும்.

3. பழையதாக வாங்கவே கூடாதவை

ஆசனப் பட்டி, தலைக்கவசம், டைமிங் பெல்ட், கஸ்கெட், பிறேக் பாட், பிறேக் இறப்பர்க் குழாய். இவற்றின் சேதம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு விபத்தில் இழுபட்ட ஆசனப் பட்டி அடுத்த விபத்தில் காப்பாற்றும் என்பதற்கு உறுதியில்லை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ரயர் வாங்கலாம், ஆனால் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ ஆழமாக இருந்தாலும் பழைய இறப்பர் இறுகிப்போயிருக்கும், மழைக்கு வழுக்கும். ஆறு வருடத்தைத் தாண்டியதை நான் தொடுவதில்லை.

4. விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை

தொலைபேசி எடுத்ததும் “கடைசி விலை எவ்வளவு?” என்று கேட்பது மிகப் பரவலான பிழை. விலை பேசி முடிந்த பிறகு நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் விலையைக் குறைக்கும் தந்திரமாகவே விற்பவருக்குத் தோன்றும். அவர் பதில்களைச் சுருக்கிவிடுவார்.

முதற் கேள்வி: “அண்ணை, இதை ஏன் கழற்றினீர்கள்?” உண்மையாகச் சொல்பவர் உடனே சொல்வார்: இன்னும் பெரியது போட்டேன், காரை விற்கப்போகிறேன், வீட்டில் செலவு வந்தது. தயங்குபவரிடம் மறுபடியும் வேறு விதமாகக் கேளுங்கள். அடுத்து, எந்தக் காரிலிருந்து, எப்போது கழற்றியது, கழற்றும் நாளில் ஓடிக்கொண்டிருந்ததா, கழற்றிய பின் எங்கே வைத்திருந்தது. கடலோரத்தில் திறந்தவெளியில் இரண்டு மாரி கிடந்த கலிப்பருக்கும் பெட்டிக்குள் கிடந்ததற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

பிறகு, கூடவே என்ன வருகிறது என்று கேளுங்கள். டர்போ என்றால் எண்ணெய் வரும் குழாய், எண்ணெய் திரும்பும் குழாய், தண்ணீர்க் குழாய்கள், அக்குழாய்களைப் பூட்டும் துளையுள்ள சிறிய போல்ட்டுகள், எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் மனிஃபோல்ட். ஒரு போல்ட் இல்லாமல் வவுனியா, யாழ்ப்பாணம் என்று அலைந்து மூன்று வாரம் கார் கல்லில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு படம் கேளுங்கள். பாகத்தின் அருகில் அன்றைய திகதியும் உங்கள் பெயரும் எழுதிய தாள் இருக்க வேண்டும். அடுத்தவரின் படத்தை எடுத்துப்போட்டு முற்பணம் வாங்குபவரால் இதைக் கொடுக்க முடியாது.

5. கையில் எடுத்துப் பார்க்கும்போது

பகலில் போங்கள். சிறிய டோர்ச், காந்தம், வேர்ணியர் அளவி, மல்டிமீற்றர், கந்தைத் துணி, உங்கள் கொப்பி ஆகியவை பையில் இருக்கட்டும்.

டர்போ. காற்று உள்ளே வரும் பக்கத்திலுள்ள சிறகுகளை முதலில் பாருங்கள். விளிம்பு கத்திபோல் நேராக இருக்க வேண்டும். காற்று வடிகட்டி இல்லாமல் நமது கிரவல் வீதிகளில் ஓடிய டர்போவின் விளிம்புகளைச் செந்தூசி அரித்திருக்கும், மணற்தாளால் தேய்த்ததுபோல் மழுங்கியிருக்கும். அந்தத் தூசி எஞ்சினுக்குள்ளும் போயிருக்கும் என்பதால், அதே காரின் எஞ்சினையும் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து அச்சை விரலால் பிடித்து உள்ளே வெளியே தள்ளுங்கள். அந்தத் திசையில் அசைவு உணரவே கூடாது. பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம், எண்ணெய் இல்லாதபோது அது இயல்பு. சிறகு சுவரில் உரசிய வட்டக் கீறல் இருந்தால் கதை முடிந்தது. “கொஞ்சம்தான் உரசியிருக்கிறது” என்பதை ஏற்காதீர்கள். புகை போகும் பக்கத்தில், மிகுதிப் புகையை விலக்கிவிடும் வேஸ்ட்கேட் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் இருக்கும். பழைய டர்போக்களில் இது சாதாரணம், விலையைக் குறைக்கக் காரணம். வெடிப்பு வெளிச்சுவர்வரை வந்திருந்தால் மட்டும் வேண்டாம்.

றிம். வெளிப்பக்கம் எல்லாரும் பார்ப்பது. நீங்கள் உட்பக்கத்தைப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்த றிம் உள்விளிம்பில்தான் வளையும், வெடிக்கும். வெடிப்பை ஒட்டவைத்த இடத்தில் சிறு மேடு விரலில் தட்டுப்படும், மேலே புதிதாகப் பெயின்ற் இருக்கும். ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற தரக் குறிகள் யப்பானிய றிம்களில் வார்ப்பிலேயே இருக்கும். இந்தக் குறியைப் போலியிலும் வைக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள், எடையையும் எழுத்தின் துல்லியத்தையும் சேர்த்துப் பாருங்கள். முடிந்தால் விற்பவரோடு அருகிலுள்ள ரயர்க் கடைக்குப் போய் பலன்ஸ் இயந்திரத்தில் வெறும் றிம்மைச் சுற்றவிடுங்கள். வளைவு கண்ணுக்கே தெரியும். அதற்குக் கொடுக்கும் சிறு தொகை வீணில்லை.

கொயில்ஓவர், அதாவது உயரம் மாற்றக்கூடிய, சுருளோடு சேர்ந்த ஷொக் அப்சோபர். கம்பியில் எண்ணெய் ஈரம், உயரத்தை மாற்றும் புரியில் துரு, இரண்டும் இல்லாமல் இருக்க வேண்டும். கம்பியை முழுவதும் அமுக்கி இழுங்கள். வழி நெடுக ஒரே எதிர்ப்பு இருக்க வேண்டும், நடுவில் வெற்றாக நழுவினால் எண்ணெய் போய்விட்டது. இடது வலது இரண்டையும் ஒப்பிடுங்கள். சுருளில் எழுதியிருக்கும் இறுக்க எண்ணைக் குறியுங்கள். மில்லிமீற்றருக்கு 8, 10 கிலோ என்று எழுதிய சுருள்கள் கார்ப் பந்தயத் தளத்துக்கு உரியவை. நமது குறுக்கு வீதிகளில் அவை சில்லைத் தரையிலிருந்து தூக்கிவிடும், பிடிமானம் குறையும். நமக்கு மென்மையானதே நல்லது.

இன்ஜெக்டரும் கணினியும். மல்டிமீற்றரை, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் இரு முனையிலும் வையுங்கள். 2, 3 ஓம் காட்டினால் தாழ்தடை வகை, 12 ஓமுக்கு மேல் காட்டினால் உயர்தடை வகை. உயர்தடைக்கென்று செய்த கணினியில் தாழ்தடை இன்ஜெக்டரை நேராகப் பூட்டினால் கணினியின் உள்ளே எரிந்துவிடும். கணினியை வாங்கும்போது மூடியைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே எரிந்த கறுப்பு, பச்சைப் பூஞ்சணம், கசிந்த கப்பாசிற்றர் ஏதாவது இருந்தால் விலகுங்கள்.

எஞ்சினும் கியர் பெட்டியும். எஞ்சினைக் கியர் பெட்டியோடு இணைந்த நிலையில் பாருங்கள். ஸ்டாட்டர் மோட்டார் கியர் பெட்டியில்தான் பூட்டப்படுகிறது, அது இருந்தால் தரையிலேயே பற்றரி கொடுத்துச் சுழற்றி அழுத்தம் அளக்கலாம். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்கிடையே பத்து வீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பதே முக்கியம். கியர் பெட்டியின் எண்ணெய் வடிக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். அதன் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. உலோகத் துண்டுகள் இருந்தால் பல்லோ பெயரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது.

ஸ்டியரிங் வளையம் வாங்குபவருக்கு ஒரு சொல்: ஆறு துளைகளின் வட்டம் 70 மி.மீ., 74 மி.மீ. என இரு வகை. இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

6. பத்திரம் இல்லாமல் எஞ்சின் இல்லை

எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பதிவையும் மாற்ற வேண்டும். அதற்கு எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்டும் பத்திரம் தேவைப்படும். “பத்திரம் பிறகு அனுப்புகிறேன்” என்று சொல்லப்பட்ட எஞ்சின்களுக்குப் பத்திரம் வந்ததை நான் காணவில்லை. என்ன பத்திரங்கள் வேண்டும் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் திணைக்களத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இலக்கத்தை நீங்களே படித்துப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். இலக்கம் உள்ள இடம் அரவியதுபோல் இருந்தால் அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள்.

சிறு பாகங்களுக்கும் ஒரு வெள்ளைத் தாள் போதும்: பாகத்தின் பெயர், அதிலுள்ள இலக்கம், தொகை, திகதி, இருவரின் தேசிய அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. பின்னர் அது திருடப்பட்ட பொருள் என்று தெரியவந்தால் உங்களிடம் உள்ள சான்று இந்தத் தாள் மட்டும்தான்.

7. விலையைக் கணக்கிடும் விதம்

பாகத்தின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். கொப்பியில் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள்: பாகம், பயணம், பொதிக்கூலி, கஸ்கெட், எண்ணெய், வடிகட்டி, இல்லாத போல்ட், மெக்கானிக்கின் கூலி. இந்த மொத்தம் புதிய பாகத்தின் விலையில் முக்கால்வாசியை நெருங்கினால் புதியதை வாங்குங்கள் என்பதே என் கணக்கு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் ஏறிய விலைகளையே சிலர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2025இல் கார்கள் மீண்டும் வரத் தொடங்கிவிட்டன. பழைய விலையைக் காட்டிப் பயமுறுத்துபவரிடம் அவசரப்பட வேண்டாம்.

8. பணமும் பொதியும்

நேரில் பார்க்காமல் முழுப் பணம் அனுப்பாதீர்கள். போக முடியாவிட்டால் கொழும்பிலோ வவுனியாவிலோ உள்ள உறவினர் ஒருவரை அனுப்பி, காணொளி அழைப்பில் மேலே சொன்ன சோதனைகளைச் செய்ய வையுங்கள். விற்பவருக்குச் சிங்களம் மட்டும் தெரியுமென்றால் இரு மொழியும் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். “கழற்றும்போது ஓடியது” என்பதற்கும் “ஓடும்” என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு அரைகுறை மொழியில் தொலைந்துவிடும்.

பஸ்ஸில் அனுப்பும்போது எண்ணெயை முழுதாக வடித்து, எல்லா வாய்களையும் துணியும் ஒட்டுநாடாவும் கொண்டு அடைக்கச் சொல்லுங்கள். திறந்த டர்போவுக்குள் ஒரு சிறு கல் விழுந்தாலும் முதல் ஓட்டத்திலேயே சிறகு உடையும். றிம்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது நடுவில் அட்டை வேண்டும். பஸ்ஸின் இலக்கமும் நடத்துநரின் தொலைபேசி எண்ணும் புறப்படும் நேரமும் வாங்காமல் பொதியை விடாதீர்கள்.

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி நல்ல கைமாற்றும் இடம். பஸ்கள் எப்படியும் அங்கே நிற்கும், ஆட்கள் இறங்கித் தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள். பொதியை இறக்கிப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். எஞ்சின் போன்ற பாரமானவற்றுக்குச் சிறிய லொறியில் திரும்பிவரும் இடத்தைப் பேசிக்கொள்வது நல்லது.

9. வந்ததும் பொருத்துவதற்கு முன்

பொதியைப் பிரிக்கும்போது படம் எடுங்கள். பின் கொப்பியைத் திறந்து மறுபடி அளந்து பாருங்கள். பழைய பாகத்தையும் வந்த பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துளை துளையாக ஒப்பிடாமல் பழையதைக் கழற்ற வேண்டாம். பாதியில் கழற்றிய கார் ஓடாது, ஓடாத காரோடு இன்னொரு பாகம் தேடுவது கொடுமை.

டர்போ மாற்றும்போது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவுங்கள். உடைந்த பழைய டர்போவின் எண்ணெயும் உலோகத் துகளும் அதற்குள்தான் தங்கியிருக்கும். புதிய எண்ணெய், புதிய வடிகட்டி. டர்போவின் எண்ணெய் வாயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் கையால் சுழற்றுங்கள். எரிபொருளைத் துண்டித்துவிட்டு எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டாட்டரால் மட்டும் சுழற்றிய பிறகே இயக்குங்கள். முதல் சில விநாடிகள் எண்ணெய் இல்லாமல் சுழன்றாலே பெயரிங் போய்விடும். பிறகு விற்றவரோடு சண்டை வரும், பிழை அவருடையதாக இருக்காது.

கழற்றிய அசல் பாகத்தை விற்காதீர்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை இருக்கிறது. காரை விற்கும் நாளிலும் வாங்குபவர் அசலைக் கேட்பார்.

10. நீங்கள் விற்கும்போது

மேலே சொன்ன எல்லாக் கேள்விகளுக்கும் கேட்பதற்கு முன்னரே பதில் எழுதி வையுங்கள். வன்னியில் இந்த ஆர்வம் உள்ளவர்கள் சிறிய வட்டம். ஒருவரிடம் மறைத்து விற்றால் அடுத்த மாதம் மாங்குளத்திலும் மன்னாரிலும் தெரிந்துவிடும். ஒரு பாகம் தரும் பணத்துக்காக அடுத்த பத்து வருடத்தை விற்காதீர்கள்.

பாகத்தைக் கழற்றுவதற்கு முன் காரில் ஓடும்போது காணொளி எடுங்கள். இதுதான் விற்பவர்கள் மறக்கும் முதற் படி. கழற்றிய பின் என்ன சொன்னாலும் அது வெறும் வார்த்தை. டர்போ அழுத்தமானியின் முள், எஞ்சின் சத்தம், புகைக்குழாயின் வாய் மூன்றும் ஒரே காணொளியில் வரட்டும்.

கழுவுங்கள், ஆனால் பெயின்ற் அடிக்காதீர்கள். புதுப் பெயின்ற் அடித்த கலிப்பரைக் கண்டதும் விஷயம் அறிந்தவர், விற்பவர் எதை மறைக்கிறார் என்றே யோசிப்பார். குறையுள்ள இடத்தை முதற் படமாகப் போடுங்கள். விளிம்பில் கீறிய றிம்மை அப்படித்தான் விற்றேன். பேரம் பேசாமல் வாங்கினார், அவரே பின்னர் இரண்டு பேரை அனுப்பினார்.

விலையைச் சொல்லும்போது எதற்குப் பொறுப்பு, எதுவரை என்பதையும் சொல்லுங்கள். “பொருத்தாமல் மூன்று நாளுக்குள் திருப்பித் தந்தால் பணம், பொருத்திய பின் இல்லை” என்பது நான் வைத்திருக்கும் ஒழுங்கு. அதைத் தாளிலும் எழுதுகிறேன். முற்பணம் வாங்கிய பிறகு கூடுதலாகத் தருகிறேன் என்று வேறு ஒருவர் வந்தாலும் பேச்சை மாற்றுவதில்லை.

கடைசியில், அந்தப் பாகத்துக்குரிய போல்ட்டு, நட்டு, வளையம், குழாய்ப் பிடி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, எது எங்கே என்று சிறு தாளில் எழுதி, பாகத்தோடு கம்பியால் கட்டி விடுங்கள். உங்களிடம் அவை குப்பை. பாண்டியன்குளத்தில் காரைக் கல்லில் ஏற்றி வைத்துக் காத்திருப்பவருக்கு அவை மூன்று வாரம்.